ரேம் வேகத்தைக் கூட்டப்போய் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கறுப்புத் திரையைப் பார்த்த கதை

தீபாவளிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஆவணியில் நான் எடுத்த ஒரு கல்யாண வீடியோ பாதி எடிட்டில் கிடக்கிறது, தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது டிவியில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று பெண்ணின் அப்பா இரண்டு முறை போன் செய்துவிட்டார், வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது. இந்த நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரில் எவனாவது ரேம் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பானா? நான் பார்த்தேன்.

பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடுகிற அமைப்புப் பக்கத்தில், எண்களை மாற்றி, எஃப்10 அழுத்தி, சேவ் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அணைந்தது, மறுபடி ஃபேன் சுற்றியது, அணைந்தது, திரும்பச் சுற்றியது. மானிட்டரில் 'நோ சிக்னல்' என்ற ஒரு சின்னப் பெட்டி மட்டும் அங்குமிங்கும் மிதந்துவிட்டு, அதுவும் போய் மானிட்டரே தூங்கிவிட்டது. ராத்திரி ஒன்பது மணி. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டா, நல்லா ஓடிக்கிட்டிருந்ததுல கைய வச்சியா?" என்றார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சுற்றுவட்டாரத்தில் வீடியோ எடுப்பதும் ஆல்பம் போடுவதும்தான் பிழைப்பு. இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று. ரேம் டிடிஆர்4, டப்பாவில் 3200 என்று போட்டிருக்கும், அந்த 3200-லேயே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டால் நாற்பது நிமிஷம் எடுக்கும். அந்த நாற்பதை முப்பதாக ஆக்கிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. ரைசன் 3000 வரிசைக்கு 3600 வேகம்தான் பொருத்தம் என்று எங்கோ பார்த்தேன், அது பொய்யில்லை, இந்த பிராசசருக்குள் இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு பெரும்பாலும் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை ரேமோடு ஒரே தாளத்தில் ஓடும், ரேம் 3600 என்றால் உண்மையான துடிப்பு அதில் பாதி, அதாவது 1800. ஆக இரண்டும் சேர்ந்து நடக்கும். கணக்கு சரி. என் ரேம் அந்தக் கணக்குக்குச் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் செய்த தப்பு என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது எனக்குத் தெரியவில்லை. வேகத்தை 3200-லிருந்து 3600 ஆக்கினேன். ஆனால் டைமிங் எண்களை, அந்த 16-18-18-38 என்று வருமே, அப்படியே விட்டுவிட்டேன். வோல்ட்டேஜை மட்டும் 1.35-லிருந்து 1.4 ஆக்கினேன், ஏதோ பெரிய தாராளம் காட்டியதுபோல.

அந்த 16 என்பது நேரம் இல்லை, துடிப்புகளின் எண்ணிக்கை. ரேமிடம் 'இந்த இடத்தில் இருப்பதைக் கொடு' என்று கேட்டபிறகு எத்தனை துடிப்பு பொறுத்துக் கையை நீட்டவேண்டும் என்பது. 3200 வேகத்தில் உண்மைத் துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ், 16 துடிப்பு என்றால் 10 நானோ வினாடி. 3600-இல் துடிப்பு வேகமாகிவிட்டது, அதே 16 துடிப்பு 8.9 நானோ வினாடிக்குள் முடிந்துவிடும். நான் வேகத்தைக் கூட்டினேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் வேகத்தையும் கூட்டி, பொறுக்கும் நேரத்தையும் குறைத்திருக்கிறேன். 18 என்று வைத்திருந்தால் அதே 10 நானோ வினாடி கிடைத்திருக்கும்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைச் சொல்வது சுலபம். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள், அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, ஆறு பிரிகிற மூணாறு தலைப்புக்கு வந்து, மதகு பார்க்கிற லஸ்கர் ஷட்டரைத் தூக்கி, பாமணியாற்றில் விட்டு, எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்கு இன்னும் நாளாகும். மேலே திறந்துவிட்டார்களே என்று அன்றைக்கே மடையை வெட்டிவிட்டு உட்கார்ந்தால் வயலுக்கு என்ன வரும்? பழைய சகதியும் நண்டும்தான் வரும். கம்ப்யூட்டரும் அதையே செய்தது. தரவு வந்து சேருமுன் மடையைத் திறந்து, வந்த குப்பையை எடுத்துப் படித்துப் பார்த்து, இது சரியில்லை என்று நின்றுவிட்டது.

சரி, ரேம்தான் ஒத்துவரவில்லை, திரையில் ஒரு எழுத்தாவது வரக்கூடாதா, 'ரேம் கோளாறு' என்று சொல்லித் தொலைக்கக்கூடாதா என்றுதான் அன்றைக்கு எனக்குக் கோபம். அதுவும் முடியாது. கம்ப்யூட்டர் எழுந்ததும் செய்கிற ஆரம்ப வேலைகளில் ஒன்று ரேமைப் பழக்குவது, டிரெய்னிங் என்பார்கள். தெரிந்த ஒரு கோலத்தை ரேமுக்குள் எழுதி, திரும்ப வாசித்து, சரியாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து நேரத்தை நூலிழை அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்தும். அது முடிந்தபிறகுதான் கிராபிக்ஸ் கார்டை எழுப்பித் திரையில் லோகோ போடும். ரேம் கட்டத்திலேயே நின்றுவிட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு முறையே வராது. ஆகவே ஃபேன் சுற்றும், கலர் லைட்டெல்லாம் எரியும், திரை மட்டும் கறுப்பு. இதைப் புரிந்துகொண்டிருந்தால் அந்த ராத்திரியையும் பகலையும் நான் வீணாக்கியிருக்க மாட்டேன்.

வீணாக்கிய கதையைக் கேளுங்கள். முதலில் கேபிள் மேல் சந்தேகம். ஹெச்டிஎம்ஐ கேபிளை டிவியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன், சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வரவில்லை. கிராபிக்ஸ் கார்டில் இருந்த கேபிளைப் பிடுங்கி, போர்டிலேயே மேலே இருக்கிற ஹெச்டிஎம்ஐ துளையில் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) ரேமைக் கழற்றி, அந்தத் தங்கப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டினேன். டெல்டாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் அது ரப்பரில்தான் ஆரம்பிக்கும், பாதி நேரம் அதிலேயே சரியும் ஆகிவிடும், ஈரக்காற்றில் அந்தப் பற்கள் மங்கிப்போவது நிஜம்தான். ஆனால் ஒரு நிமிஷம் முன்புவரை வேலை செய்த ரேமின் பல் ஒரு நிமிஷத்தில் மங்கிவிடுமா? அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா வாசலில் உட்கார்ந்து நாற்றுக்கட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "லோ வோல்டேஜுல போட்டிருப்பே. மோட்டாரு ஓடுறப்ப பொட்டியப் போடாதேன்னு எத்தன தடவ சொல்றது" என்றார். அவருக்கு ஃபேன் மெதுவாகச் சுற்றுவதிலிருந்து இட்லி மாவு புளிக்காதது வரை எல்லாமே லோ வோல்டேஜ்தான். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எது வந்தாலும் உள்ளே அதே 12 வோல்ட்டைத்தான் கொடுக்கும். அவரிடம் அதைச் சொல்லப் போகவில்லை.

மறுநாள் காலை கேபினெட்டை உரச்சாக்கில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, வண்டியின் முன்னால் வைத்து, மழையோடு மழையாக டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் தீபாவளிக் கூட்டம், எல்லாம் செல்போன் கவரும் கேமராவும். அந்த அண்ணன் பத்து நிமிஷம் பார்த்தார். வேறு ஒரு ரேம் போட்டார், வேறு எஸ்எம்பிஎஸ் போட்டார். "போர்டு போச்சு தம்பி. புதுசுதான் போடணும், ஆர்டர் போட்டா தீபாவளிக்கு அப்புறம்தான் வரும்" என்றார். ஏழாயிரம் ரூபாய். அவரைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. முந்தின ராத்திரி பயாஸில் எண்களை மாற்றினேன் என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை. 'ஆன் ஆகலண்ணே' என்று மட்டும் சொன்னேன். வெட்கம்தான், வேறென்ன. வயிற்றுவலி என்று டாக்டரிடம் போய், முந்தினநாள் தின்றதை மறைத்தால் அவர் என்ன மருந்து கொடுப்பார்?

வேறு ரேம் போட்டும் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். போர்டு ஞாபகம் வைத்திருந்தது என் 3600-ஐத்தான். அவர் போட்ட ரேமையும் அதே வேகத்தில், அதே 16 துடிப்பில் ஓடச் சொல்லி விரட்டியிருக்கும். சில போர்டு புது ரேமைப் பார்த்ததும் தானாகவே பழையதை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். என்னுடையது அந்த ரகம் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பி, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக்கூட மாட்டாமல் மேசைமேல் சாய்த்து வைத்து, சும்மா இன்னொரு தடவை சுவிட்சைப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கூவ ஆரம்பித்தது. அறை முழுக்க இருட்டு. அப்போதுதான் பார்த்தேன், போர்டின் வலது மேல் ஓரத்தில், அந்தப் பெரிய 24 முள் கனெக்டருக்குப் பக்கத்தில், கடுகு அளவில் ஒரு ஆரஞ்சு வெளிச்சம். டியூப் லைட் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே பட்டிருக்காது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், வரிசையாக நாலு குட்டி எல்இடி, பக்கத்தில் பொடி எழுத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நாலு பெயர். எரிந்துகொண்டிருந்தது, ரேம் கட்டத்திலேயே நிற்கிறது என்று காட்டும் இரண்டாவது. டிரேம்.

நாலு வருஷமாக அந்த போர்டு என்னிடம் இருக்கிறது. அந்த எல்இடி அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

சென்னையில் பெரியம்மா பையன் இருக்கிறார், ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற வேலை. போன் போட்டேன். நான் பாட்டுக்கு கேபிள், ரப்பர், கடை, ஏழாயிரம் என்று பத்து நிமிஷம் ஒப்பித்தேன். அவர் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். கடைசியா எதைத் தொட்டே?"

"ரேம் ஸ்பீடு அண்ணே. 3600 வச்சேன்."

"அத மொதல்ல சொல்ல வேண்டியதுதானேடா. சிமாஸ் கிளியர் பண்ணியா?"

"பண்ணிட்டேன் அண்ணே. காலையிலேயே பேட்டரியக் கழட்டிப் பத்து நிமிஷம் வச்சேன்."

இதை மேலே சொல்ல விட்டுவிட்டேன். கடைக்குக் கிளம்புவதற்கு முன் அதையும் செய்துதான் பார்த்தேன். போர்டில் ஒரு ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, மூன்று வோல்ட். அதைக் கழற்றினால் சிமாஸில் இருக்கிற பயாஸ் அமைப்புகள் மறந்துபோகும் என்று ஊருக்கே தெரியும்.

"கரண்ட் ஒயரப் புடுங்கிட்டுக் கழட்டினியா, சொருகியிருக்கறப்பவே கழட்டினியா?"

நான் பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், ஒயர் பிளக்கில் இருந்து சுவிட்சும் போட்டிருந்தால், எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட்டைச் சும்மா அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். 24 முள் கனெக்டரில் ஊதா நிற ஒயர் ஒன்று இருக்கிறதே, அதுதான். அந்த 5 வோல்ட் இருப்பதால்தான் பவர் பட்டனை லேசாகத் தொட்டதும் கம்ப்யூட்டர் எழுகிறது. அதே 5 வோல்ட்தான் பேட்டரி இல்லாதபோதும் அமைப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். நான் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தது வேடிக்கைதான், போர்டுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார், புதிய போர்டுகள் சிலவற்றில் அமைப்புகள் ஃபிளாஷ் சில்லிலேயே பதிந்துவிடுவதால் பேட்டரியைக் கழற்றுவது மட்டும் போதாது, அதற்கென்று இருக்கிற ஜம்பரைத்தான் தொடவேண்டும்.

ஜம்பர் என்றால் பேட்டரிக்குப் பக்கத்திலோ போர்டின் கீழ் ஓரத்திலோ நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முள், சிலவற்றில் மூன்று. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், ஜேபேட்1 என்றும் இருக்கும், சிஎல்ஆர் சிமாஸ் என்றும் இருக்கும். போர்டு மேனுவலைப் பார்த்துச் செய்வது உத்தமம். பக்கத்தில் அதே மாதிரி இரண்டு முள் வேறு வேலைக்கும் இருக்கும், யுஎஸ்பி முள்களை ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துவைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அண்ணன் போனிலேயே இருந்தார், நான் செய்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பவர் பட்டனை ஒரு பத்து வினாடி அழுத்திப் பிடித்தேன், கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கிற கரண்ட் வடிய. பேட்டரியைக் கழற்றினேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் அந்த இரண்டு முள்ளையும் சேர்த்துத் தொட்டு, பத்து எண்ணினேன். கை நடுங்கியதில் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. பேட்டரியை மாட்டினேன். ரேமில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போடச் சொன்னார். நாலு ஸ்லாட் போர்டில் ஒரே ரேம் போட்டால் பெரும்பாலும் அந்த இடம்தான், இரண்டு போட்டால் இரண்டாவதும் நாலாவதும். அந்த ஸ்லாட்டைத் தடவும்போது விரலில் என்னவோ ஒட்டியது, பார்த்தால் எறும்பு. மழைக்கு வீட்டுக்குள் வந்தது கேபினெட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. ஊதிவிட்டேன்.

பிளக்கைச் சொருகி, கேபிளை இருட்டில் தடவித் தடவி மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. ஆரஞ்சு எல்இடி எரிந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. "பொறு, தொடாதே, ரெண்டு மூணு தடவ அப்படித்தான் பண்ணும்" என்றார் அண்ணன். எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பது முப்பத்தைந்து வினாடி இருக்கும், டிரேம் எல்இடி அணைந்தது. அதற்கடுத்த எல்இடிகள் மின்னி மின்னி அணைந்தன. நாலும் அணைந்துவிட்டன.

திரையில் நோ சிக்னல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் நிதானமாக, "கீபோர்டுல நம்லாக்கத் தட்டிப் பாரு, லைட்டு மாறுதா?" என்றார். தட்டினேன். எரிந்தது. மறுபடி தட்டினேன். அணைந்தது. "அப்ப உசுரு இருக்கு. அது எந்திரிச்சு உக்காந்து ஒன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கு. மானிட்டர் கேபிள எங்க மாட்டியிருக்கே?"

போர்டில். மேலே இருக்கிற துளையில். முதல்நாள் ராத்திரி பழகின கை, இருட்டில் அதே இடத்துக்குப் போயிருக்கிறது. ரைசன் 5 3600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. இந்த போர்டில் மாட்டுகிற ரைசன்களில் பெயரின் கடைசியில் ஜி என்று வருகிறவற்றில்தான், 5600ஜி போல, அது இருக்கும். என் பிராசசரோடு போர்டின் ஹெச்டிஎம்ஐ துளை வெறும் அலங்காரம், அதில் எந்தக் காலத்திலும் படம் வராது. கேபிளைப் பிடுங்கிக் கீழே கிராபிக்ஸ் கார்டில் மாட்டினேன். 'அமைப்புகள் அழிக்கப்பட்டன, எஃப்1 அழுத்தவும்' என்று இங்கிலீஷில் ஒரு செய்தி, எவ்வளவு நேரமாக அங்கே நின்றுகொண்டிருந்ததோ.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று. முதலில் இருந்த கோளாறு ஒன்றுதான். அதைச் சரிசெய்யப் போன பதற்றத்தில் இரண்டாவதை நானே உண்டாக்கி வைத்தேன். காலையிலேயே ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியைக் கழற்றியிருந்தாலும், கேபிள் தப்பான துளையில் இருந்ததால் எனக்குத் தெரிந்திருக்காது, அப்போதும் 'போர்டு போச்சு' என்றுதான் நினைத்திருப்பேன். ஒன்றை மாற்றினால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும் என்பதை அண்ணன் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அப்புறம் நடந்தது சுருக்கம். இரண்டாவது ரேமையும் போட்டேன், ரேம் 2133 வேகத்தில் மந்தமாக எழுந்தது. சிமாஸை அழித்தால் எக்ஸ்எம்பியும் போய்விடும், ஏஎம்டி போர்டுகளில் அதற்கு டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று வேறு பெயர் இருக்கலாம், அதை மறுபடி ஆன் செய்தால்தான் டப்பாவில் போட்டிருக்கிற வேகம் வரும். பலருக்குத் தெரியாத விஷயம், அந்த 3200-16 என்பதே ஒரு ஓவர்கிளாக்தான். ஜெடெக் என்ற தர அமைப்பின் கணக்கில் டிடிஆர்4 ரேம் 1.2 வோல்ட்டில் ஓடவேண்டும், 3200 வேகம் அதிலும் உண்டு, ஆனால் 22 போல நிதானமான எண்களோடு. டப்பாக்காரர் 1.35 வோல்ட் கொடுத்து 16-இல் ஓட்டிக்காட்டி, அந்த எண்களை ரேமிலேயே ஒரு குட்டிச் சில்லில் எழுதி வைத்திருக்கிறார். நான் ஏற்கெனவே கூட்டி வைத்ததை மேலும் கூட்டப் போயிருக்கிறேன்.

தேதியும் அழிந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்யாமல் விண்டோஸுக்குள் போனால் பல இணையதளங்கள் திறக்காமல், பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தலாம், இன்டர்நெட் போச்சு என்று அடுத்த ஓட்டம் ஆரம்பிக்கும். பூட் வரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்கை பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருப்பவர்கள் சிமாஸை அழிப்பதற்கு முன்பே ரெகவரி கீயை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, எழுந்ததும் கேட்டாலும் கேட்கும்.

டிடிஆர்5 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை டிரெய்னிங் சில நிமிஷங்கள்கூட ஆகலாம், திரை கறுப்பாக இருக்கிறதே என்று பாதியில் பவரை அணைத்து அணைத்துப் போட்டால் அது முடியவே முடியாது. சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். பல போர்டுகள் மூன்று நாலு தடவை முயன்று தோற்றபிறகு தானாகவே பாதுகாப்பான வேகத்துக்கு இறங்கிவிடும், ஆகவே முதல் வேலை சும்மா இருப்பது. சிமாஸை முறையாக அழித்து, ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டும் அந்த டிரேம் எல்இடி அசையாமல் எரிந்தால்தான் ரேமோ ஸ்லாட்டோ பிராசசரின் முள்ளோ என்று சந்தேகப்பட வேண்டும். 1.4 வோல்ட்டுக்கெல்லாம் ரேம் எரிந்துவிடுமோ என்று நானும் பயந்தேன், 1.45-இல் ஓடும்படியே விற்கிற டிடிஆர்4 ரேம்களும் இருக்கின்றன.

கல்யாண வீடியோவை 3200-லேயே முடித்து, தீபாவளிக்கு முதல்நாள் மத்தியானம் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் அப்பா ஒரு டப்பா அதிரசம் கொடுத்தார். மீதிப் பணம் பொங்கலுக்குத்தான் வந்தது, அது வேறு கதை.

திருந்தினேனா என்றால் முழுசாக இல்லை. கார்த்திகையில் வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் மறுபடி 3600 வைத்தேன், இந்தமுறை 18-22-22-42 என்று தளர்த்தி. லோகோ வந்தது, விண்டோஸ் வந்தது, அப்படி ஒரு சந்தோஷம். ஒரு ரெண்டர் போட்டேன், நாற்பது நிமிஷம் எடுத்தது முப்பத்தெட்டரை ஆனது. இதற்காகவா என்று எனக்கே சிரிப்பு வந்தது. ரெண்டருக்குப் பெரும்பாடு பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் படுவதுதான், ரேம் கூடவே நடக்கிற ஆள். இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது சிஆர்சி பிழை வந்தது. கோப்புதான் கெட்டுவிட்டது என்று மறுபடி பிரித்தேன், இந்தமுறை வேறு ஒரு படத்தில் பிழை, முதலில் கெட்டதாகக் காட்டிய படம் நன்றாக இருக்கிறது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், விடியற்காலை எழுந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள். கறுப்புத் திரையாவது நேர்மையாக நின்றுவிடுகிறது. இது எழுந்து உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டே ஊரான் வீட்டுக் கல்யாண போட்டோவில் ஒவ்வொரு புள்ளியாகத் தின்னும். பழைய 3200-க்கு இறக்கி மறுபடி ஒரு ராத்திரி ஓட்டினேன், ஒரு சிவப்புகூட இல்லை.

இப்போது கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கம் ஒரு காலண்டர் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று ஒரு படம், 3200, 16-18-18-38, 1.35 என்று ஒரு வரி, கீழே பெரிய எழுத்தில் 'ஒயரைப் பிடுங்கு', அதற்கும் கீழே 'கேபிள் கீழ்த் துளை'. தகட்டுக்கு நாலு ஸ்க்ரூவில் இரண்டு அந்தக் கரண்ட் போன ராத்திரி எங்கோ உருண்டுபோனது இன்னும் கிடைக்கவில்லை, மேல் ஓரத்தை மட்டும் நூலால் கட்டி வைத்திருக்கிறேன்.